மறந்துட்டேன்

முப்பத்தாறு அங்குலம் கேட்ட கதவுகளை மேஸ்திரி முப்பத்தி நாலில் அறுத்துவிட்ட செய்தி, அவர் வீடு திரும்புவதற்கு முன்பே மருந்துக்கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கொண்டுவந்தவர் மர மில் முதலாளியேதான். சர்க்கரை மாத்திரை வாங்க மாதம் ஒரு முறை வருகிறவர், மாத்திரையைப் பைக்குள் போட்ட பிறகும் போகாமல் கண்ணாடி மேசை மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டு நின்றார்.

"உன் வீட்டுக்காரருக்கு உடம்பு ஏதும் சரியில்லையாம்மா?"

மேசைக்குப் பின்னால் நின்றவள் மேஸ்திரியின் மனைவி. பதினாறு வருடமாக அந்தக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். தெருவில் எல்லோருக்கும் அவள் மாத்திரை அக்கா.

"நல்லாத்தானே இருக்கார். ஏன் அண்ணே கேக்கறீங்க?"

"வீடு கட்டறவர் நேர்லயே வந்து அளவு சொல்லிட்டுப் போனார். முப்பத்தி ஆறுன்னு. நானும் பக்கத்துலதான் நின்னேன். இவர் தலையை ஆட்டினார். அப்புறம் பார்த்தா நாலு கதவும் முப்பத்தி நாலு. கூட இருந்தா சீவி எடுத்துடலாம், குறைஞ்சதை எங்கேருந்தும்மா ஒட்டறது? என்ன மேஸ்திரி இப்படின்னு கேட்டா, மறந்துட்டேங்கறார். இருபத்தெட்டு வருஷமா டேப்பை இடுப்புல சொருகிட்டுத் திரியற மனுஷன் சொல்ற வார்த்தையா அது?"

அவள் அடுத்து வந்தவருக்குப் பத்து மாத்திரைக்குப் பதில் பதினைந்தைக் கத்தரித்து, மறுபடி எண்ணி, மறுபடி கத்தரித்தாள்.

மறந்துட்டேன். இந்த வார்த்தையை ஒன்றரை வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முட்டை வாங்கி வரச் சொன்னால் வெறுங்கையோடு வந்து நிற்பார். மறந்துட்டேன். கேஸ் அடுப்பைப் பழுது பார்க்க ஆள் வருவான், மூன்று மணிக்கு வீட்டில் இருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருப்பாள். ஆள் வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருப்பான். மறந்துட்டேன். மற்ற வீடுகளில் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இந்த வீட்டில் அப்படி இல்லை. இதே வீட்டின் பின்னறையில் மேஸ்திரியின் அண்ணன் ஆறு வருடம் இருந்து செத்தார்.

அண்ணன் பஸ் ஓட்டினவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதலில் வண்டிச் சாவியை மறந்தார், பிறகு வண்டி போகவேண்டிய வழியை. வேலையை விட்டு வீட்டோடு வந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் கியர் மாற்றிக்கொண்டிருப்பார். அவள் சோறு ஊட்டப் போனால், "ஏறும்மா, ஏறு, பின்னாடி இடம் இருக்கு" என்பார். கடைசி இரண்டு வருடம் ஊட்டியதும் துடைத்ததும் அவள்தான். ஒரு நாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்து, "நல்ல பொண்ணா இருக்கியே, உன்னை ஏன் இன்னும் யாருக்கும் கட்டிக்கொடுக்கல?" என்று கேட்டார். அன்று சிரித்தாள். அவர் போன பிறகு நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை என்னால் ஆகாது என்று மட்டும் தோன்றியது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கதவு விஷயம் காதில் விழுந்ததிலிருந்து அவள் ஒரு இடத்தில் உட்காரவில்லை. கடையில் வேலை இல்லாத நேரமெல்லாம் ஃபோனில் படித்தாள். மூளைக்கு எது நல்லது, எது கெட்டது, எத்தனை அடி நடக்கவேண்டும், எந்தப் பருப்பைத் தின்னவேண்டும். படிக்கப் படிக்க வீட்டுச் சட்டங்கள் மாறின. காலையில் மேஸ்திரியை எழுப்பி நடக்க விரட்டினாள். உப்பைப் பாதியாக்கினாள். வால்நட்டை எண்ணித் தட்டில் வைத்தாள். மீன் எண்ணெய் மாத்திரை வந்தது. கடையில் மூன்றாவது தட்டில் நிற்கும் மூளை டானிக்கும் வந்தது. அதைக் கேட்டு வருகிறவர்களிடம் "சாப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம், இதனால் ஒரு மண்ணும் ஆகாது என்று உள்ளுக்குள் நினைப்பவள்தான். இப்போது அதையே மூடியில் ஊற்றிக்கொண்டு அவர் எதிரில் நின்றாள்.

"என்ன இது, சளி மருந்தா?"

"சத்து மருந்து. குடிங்க."

"எனக்கென்ன சத்துக் குறைஞ்சு போச்சு?"

"பேசாம குடிங்களேன்."

குடித்தார். எதைக் கொடுத்தாலும் குடித்தார், எங்கே விரட்டினாலும் நடந்தார். அவள் நடுநடுவே வைத்த பரீட்சைதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"முந்தாநாள் மத்தியானம் என்ன சாப்பிட்டோம், சொல்லுங்க பார்ப்போம்."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "கீரை. உப்பே இல்ல. நேத்தும் உப்பு இல்ல. இன்னைக்கும் இருக்காது. போதுமா?"

சரியாகத்தான் சொன்னார். அவள் வாங்கிப் போட்ட குறுக்கெழுத்துப் புத்தகத்தையும் ஒரே வாரத்தில் முடித்து வைத்திருந்தார். அதையெல்லாம் அவள் பார்த்தாள். ஆனால் பயந்த மனசுக்கு அந்த மாதிரி சாட்சிகள் எடுபடுவதில்லை. அன்று மாலையே, வரும்போது சோப்பு வாங்கி வாருங்கள் என்று அடுக்களையிலிருந்து சொல்லியிருந்தது வரவில்லை.

"சோப்பு எங்கே?"

"அடடா. மறந்துட்டேன்."

அந்த வாரத்தில் ஒரு நாள் அவள் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி ஒரு காப்பகத்துக்குப் போனாள். நினைவு தப்பியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். வாசலில் பூட்டிய கம்பிக் கதவு. உள்ளே நீளமான நடை, இரண்டு பக்கமும் அறைகள். ஒரு பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து ஒரே துண்டை மடித்து, உதறி, திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். பொறுப்பாக இருந்த அம்மாள் ஒரு காலி அறையைத் திறந்து காட்டினாள்.

"யாருக்கு?"

"என் வீட்டுக்காரருக்கு."

"இப்ப எந்த நிலைமையில இருக்கார்? நடமாட்டம் இருக்கா? தானா சாப்பிடறாரா?"

"வேலைக்குப் போயிருக்கார்."

அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டவில்லை. "உக்காரும்மா, கொஞ்சம் தண்ணி குடி" என்றாள். மாத்திரை அக்கா உட்காராமல் வந்துவிட்டாள். திரும்பும் பஸ்ஸில் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. மனுஷன் மில்லில் மரத்தூளுக்கு நடுவே நின்று உழைக்கிறான், பெண்டாட்டி போய்க் கட்டில் பார்த்துவிட்டு வருகிறாள்.

மகள் ஃபோன் செய்தது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வேறு ஊரில் வேலையாக இருக்கிறவள். அம்மா குளிக்கப் போயிருந்ததால் அப்பா எடுத்தார். அவள் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, "சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம். நல்லா இரு. வச்சிடறேன்" என்று சொல்லி வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"சும்மாதான். நல்லா இருக்காளாம்."

ஐந்து நிமிடத்தில் அவள் ஃபோன் அடித்தது. மகளுக்கு அழுகையில் பேச்சே வரவில்லை.

"அம்மா, அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? எனக்கு வேலை போயிடுச்சு, வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டாங்கன்னு சொல்றேன். சந்தோஷம்னு சொல்றார்ம்மா. ரொம்ப சந்தோஷங்கறார். பெரியப்பா மாதிரியே ஆயிட்டாரா?"

அவள் ஈரத் தலையோடு போய் அவர் எதிரில் நின்று, மகள் என்ன சொன்னாள் தெரியுமா என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் மேஸ்திரியின் முகம் வெளுத்தது.  பிறகு, "நாளைக்கு டாக்டர்கிட்ட போகலாம்" என்று அவராகவே சொன்னார். அவரே சொன்னதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். முதலில் ஒரு நர்ஸ் கூப்பிட்டு உட்காரவைத்தாள். முகத்தில் பாதியை மறைத்த முகக்கவசம். பக்கத்தில் மின்விசிறி கடகடத்தது. நர்ஸ் தாளைப் பார்த்துக்கொண்டே மளமளவென்று, "மூணு வார்த்தை சொல்றேன், மனசுல வச்சுக்கங்க, அப்புறம் கேப்பேன்" என்று சொல்லி மூன்று வார்த்தைகளைச் சொன்னாள். எடை பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். பிறகு கேட்டாள். மேஸ்திரி தயங்காமல் மூன்றைச் சொன்னார். நர்ஸ் தாளில் ஏதோ எழுதினாள்.

டாக்டர்களின் கிறுக்கலைத் தலைகீழாகப் படிப்பதே பிழைப்பாக இருப்பவளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. மூன்றுக்குப் பூஜ்யம்.

அதற்குப் பிறகு டாக்டர் அறைக்கு எப்படி நடந்து போனாள் என்று அவளுக்கே தெரியாது. டாக்டர் நடுவயதுப் பெண். கண்ணாடியில் ஆவி படிகிறது என்று முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். நிறையக் கேட்டார். தூக்கம் எப்படி, குறட்டை உண்டா, சிகரெட் உண்டா, கீழே விழுந்து தலையில் அடிபட்டதுண்டா, வாரத்தில் எத்தனை பேரிடம் உட்கார்ந்து பேசுகிறார். எல்லாவற்றுக்கும் மாத்திரை அக்காவே பதில் சொன்னாள்.

"அவரையும் கொஞ்சம் பேச விடுங்கம்மா" என்று டாக்டர் சிரித்தார். மேஸ்திரியை நேராகப் பார்த்து, "நர்ஸ் என்ன மூணு வார்த்தை சொன்னாங்க?" என்றார்.

"மடம், கூட்டு, பனி."

வாசலில் நின்ற நர்ஸ், "மூணும் தப்பு டாக்டர். நான் சொன்னது படம், பூட்டு, மணி" என்றாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் மில்லைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். எந்த மரம் அறுக்கக் கஷ்டம், தூள் மூக்கில் ஏறுமா. பத்து நிமிடம் கழித்து, பேச்சோடு பேச்சாக, "அந்த மூணு வார்த்தை?" என்றார்.

"மடம், கூட்டு, பனி" என்றார் மேஸ்திரி, கொஞ்சம் எரிச்சலோடு.

டாக்டர் எழுந்து ஜன்னலை மூடப் போவதுபோல் அவர் முதுகுக்குப் பின்னால் போனார். அங்கிருந்து சாதாரணக் குரலில், "மேஸ்திரி, உங்க சட்டைக் காலர்ல மரத்தூள் இருக்கு பாருங்க" என்றார். மேஸ்திரி எதிரே சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை காலருக்குப் போகவில்லை. அவள் கைதான் தன் வாயைப் பொத்தப் போனது.

"இவர் எதையும் மறக்கலைம்மா" என்று டாக்டர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "காதுல விழுந்ததை கெட்டியா பிடிச்சு வச்சிருக்கார். விழுந்ததுதான் வேற. எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கறார். இருபத்தெட்டு வருஷம் அந்த மெஷின் பக்கத்துல நின்னா எந்தக் காதுதான் தாங்கும்?"

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மருந்துக்கடை பில்லின் பின்பக்கம் பொடியாக எழுதியிருந்த கேள்விகள். இத்தனை நாள் யாரைக் கேட்பது என்று தெரியாமல் சேர்த்து வைத்தவை. "அப்ப இவங்க அண்ணனுக்கு வந்தது இவருக்கு வராதா டாக்டர்?"

"வராதுன்னு எழுதிக் கொடுக்க என்னால முடியாது. அண்ணனுக்கு வந்தா தம்பிக்கும் வந்தே தீரும்னும் இல்ல. காது கேக்காம பல வருஷம் அப்படியே விட்டா அந்த வாய்ப்பு கூடுதுன்னு ஆராய்ச்சில தெரியுது. ஆளு பேச்சைக் குறைச்சுக்கறார், நாலு பேர் இருக்கற இடத்துக்குப் போறதில்ல, எதிர்ல இருக்கறவங்க என்ன சொன்னாங்கன்னு யூகிச்சு யூகிச்சே மூளை களைச்சுப் போகுது. காது மெஷின் வச்சா எவ்வளவு தடுக்கும்னா, சிலருக்கு நல்ல பலன். எல்லாருக்கும்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. ஆனா பொண்ணு பேசறது கேக்கும். அதுக்கே வைக்கலாம்."

"வால்நட்?"

"பிடிச்சா சாப்பிடட்டும்."

"மூளை டானிக்?"

"நீங்க மருந்துக்கடையில வேலை செய்யறீங்க. நீங்களே சொல்லுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நடக்கறது நல்லது, நிறுத்தாதீங்க. உப்பைக் குறைச்சதும் நல்லதுதான், பிரஷருக்கு. அவர் பிரஷர் சரியா இருக்கு. உங்களுது?"

"எனக்கா? எனக்கென்ன டாக்டர்?"

"கையை நீட்டுங்க."

நூற்றி அறுபத்தெட்டு, நூறு. தினமும் ஊருக்கெல்லாம் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கை அது. கடையில் மேசைக்கு அடியிலேயே பிரஷர் பார்க்கிற கருவி கிடந்தது. ஒரு நாளும் தன் கையில் கட்டிப் பார்த்ததில்லை. எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அவரை நடக்க விரட்டினீங்களே, கூடப் போனீங்களா?" என்றதும் கேள்வித் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். கடைசியில் இரண்டு பேருக்கும் சீட்டு எழுதினார் டாக்டர். அவருக்குக் காது, அவளுக்கு இரத்தக் கொதிப்பு.

பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மேஸ்திரி ஓரமாக நின்று செருப்பு நுனியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். அவள் அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எது?"

"காது கேக்கலங்கறது!"

அவர் சுற்றிலும் பார்த்தார். "மெதுவா பேசேன்."

"மெதுவா பேசினா உங்களுக்கு எப்படிங்க கேக்கும்?"

பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். மேஸ்திரி அவளை இன்னும் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். பிறகு சொன்னார். "தெரியும். மூணு வருஷமா தெரியும்."

"அப்புறம் எதுக்கு மறந்துட்டேன், மறந்துட்டேன்னு..."

"வேற என்ன சொல்லச் சொல்றே? ரம்பம் மரத்துல சிக்கப் போகுதுன்னா முதல்ல சத்தம்தான் மாறும். அது கேட்டாத்தான் கையை எடுக்க முடியும். காது கேக்கலன்னு வாயைத் திறந்தா அன்னைக்கே என்னை மெஷின்லேருந்து தள்ளிடுவாங்க. மறந்துட்டேன்னா, வயசாச்சு மேஸ்திரிக்குன்னு சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. அதே வீட்டுலயும் பழகிடுச்சு. ஒவ்வொரு தடவையும் என்ன, என்னன்னு கேட்டா நீ மூஞ்சியைச் சுளிப்பே. மறந்துட்டேன்னா ஒரே வார்த்தையில முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சா?" என்றாள். "நீங்க ஒவ்வொரு தடவை அதைச் சொல்றப்பவும் எனக்கு உங்கண்ணன் ஞாபகம் வந்துச்சுங்க. ஒன்றரை வருஷம். ஒவ்வொரு தடவையும். உங்களுக்கு அது தோணவே இல்லையா?"

அவருக்கு அது உண்மையிலேயே தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சத்தம் மாறியது கேட்காமல் கை போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க வந்தாள். பஸ் வந்துவிட்டது.  இறங்கும்போது அவர், "பொண்ணு என்ன சொன்னான்னு ஒரு வார்த்தை கூட கேக்கல. குரல் ஏறி ஏறி இறங்கிச்சு. நல்ல சேதின்னு நினைச்சேன்" என்றார்.

காதுக் கருவி கைக்கு வர மூன்று வாரமானது. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்த மேஸ்திரி, யாரோ அடிக்க வந்ததுபோல் ஒவ்வொன்றுக்கும் திரும்பினார். குழாய்த் தண்ணீர், செய்தித்தாளைப் புரட்டுவது, சாப்பிடும்போது தன் பல்லே கடிக்கும் சத்தம். அரை மணியில் கழற்றி மேசையில் வைத்தார். "கேக்கறது இவ்வளவு இரைச்சலா?" என்றார். மெஷின் பொருத்தியவர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்: மூளைக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும், கழற்றிக் கழற்றி வைத்தால் பழகவே பழகாது. அவள் பிடிவாதமாகத் திரும்ப மாட்டிவிட்டாள். அவர் பதிலுக்குக் காலையில் அவளை எழுப்பி நடக்க இழுத்துக்கொண்டு போனார். அவளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் ரெண்டு தெரு, வா" என்று அவர் முன்னால் நடந்தார்.

மில்லில் அவரே முதலாளியிடம் சொன்னார். நினைத்தது போலவே ரம்பத்திலிருந்து மாற்றினார்கள். இப்போது அளவு குறிக்கிற மேசை. அளவு கொண்டுவருகிறவர்கள் சீட்டில் எழுதித்தான் தரவேண்டும், வாயால் சொல்லக் கூடாது என்று முதலாளி பலகை எழுதி மாட்டினார். ரம்பத்தில் நிற்கிறவர்களுக்குக் காது மூடி வாங்கிப் போட்டார். இரண்டு நாள் மேஸ்திரி வீட்டுக்கு வந்ததும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். மூன்றாம் நாள் மகளுக்கு அவரே ஃபோன் போட்டார்.

"உனக்கு வேலை போனதுக்கு நான் ரொம்ப சந்தோஷம்னு சொன்னேனாமே."

மறுமுனையில் மகள் அழுதாளா சிரித்தாளா என்று பக்கத்தில் நின்ற அவளுக்குத் தெரியவில்லை. மேஸ்திரிக்குத் தெரிந்தது. "சிரிக்கற மாதிரி நடிக்காத, மூக்கை உறிஞ்சறது கேக்குது" என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அவளுக்கு மட்டும் இன்னும் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. பிரஷர் மாத்திரை போட்டாள், நடந்தாள். காப்பகத்துக்குப் போனதை மட்டும் அவரிடம் சொல்ல முடியவில்லை. இத்தனை நாள் வீட்டில் எதைப் புலம்பினாலும் அவர் காதில் விழாது. அது ஒரு சுதந்திரமாக இருந்திருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிறு காலை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் சாப்பாட்டு மேசையில் மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். காதில் கருவி இருக்கிறதா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"நான் ஒரு காப்பகத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தேன்" என்றாள், தட்டைத் தேய்த்துக்கொண்டே, வழக்கமாகத் தனக்குத்தானே பேசுகிற குரலில். "நீங்க டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி. உங்களுக்குத்தான். ரூமெல்லாம் பார்த்தேன். உங்கண்ணனைப் பார்த்த மாதிரி இன்னொரு தடவை என்னால முடியாதுன்னு தோணிச்சு. நீங்க மில்லுல நின்னுட்டு இருந்தீங்க. நான் கட்டில் பார்த்துட்டு இருந்தேன்."

பின்னால் சத்தமே இல்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். மூச்சு வந்தது. அதோடு ஏமாற்றமும் வந்தது.

நாற்காலி நகர்ந்தது. மேஸ்திரி வந்து அவள் தோளுக்கு மேலே கையை நீட்டிக் குழாயை மூடினார்.

"ஜன்னல் இருந்துச்சா?" என்றார்.

அவள் திரும்பாமல் ஈரக் கையோடு நின்றாள். "இருந்துச்சு. வெளியில ஒரு மரம் நின்னுச்சு."

"என்ன மரம்?"

"எனக்கெங்கே தெரியும் மரத்தைப் பத்தி? பெருசா, இலை பொடிசு பொடிசா இருந்துச்சு."

அவர் அவள் கையிலிருந்த தட்டை வாங்கி, துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒரு நாள் ரெண்டு பேருமா போவோம்" என்றார். "நான் பார்த்துச் சொல்றேன்."